கச்சேரிக்கு எதிர்த்திசையில் நான்கு நாள்

முதல் நாள், வெள்ளி. காரைக்குடி, இரவு 11.40

டிசம்பர் கடைசி வாரத்தில் பாட்டுப் பைத்தியங்கள் எல்லாம் சென்னைக்கு வருவார்கள். நான் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டேன். ஆபீஸில் லீவு கேட்டபோது, "சீசன் நேரத்துல செட்டிநாடா? சாப்பிடவா போறீங்க?" என்றார்கள். சாப்பிடவும்தான்.

உண்மைக் காரணம் கொஞ்சம் சுற்றுவழி. எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை ராஜா அண்ணாமலை மன்றத்தில் மாலை வகுப்பில் பாட்டு கற்றுக்கொண்டேன். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துப் பக்கம், எஸ்பிளனேடு சாலையில், பிராட்வே பஸ் ஸ்டாண்டை ஒட்டி நிற்கிறதே, அதேதான். உள்ளேதான் தமிழிசைச் சங்கம், அதன் இசைக் கல்லூரி, பழைய வாத்தியங்களின் கண்காட்சி எல்லாம். சீர்காழி கோவிந்தராஜன் 'இசைமணி' பட்டம் வாங்கியது இந்தச் சங்கத்துக் கல்லூரியில் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டதும் அடுத்த வாரமே நாமும் அப்படிப் பாடிவிடுவோம் என்று நினைத்தேன். வரவில்லை.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் கணக்கு எழுதும் வேலை. டியூட்டி முடிந்ததும் என்னைக் கூட்டிப்போய் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஜன்னல் வழியே பஸ் ஹார்ன் வந்துகொண்டே இருக்கும். எங்கள் டீச்சர் அசரமாட்டார். "அது பஞ்சமத்துல அடிக்குது. நீ உன் சட்ஜத்தைப் பிடி" என்பார்.

விழாக் காலத்தில் அப்பா கச்சேரிக்கும் கூட்டிப்போவார். ஆனால் பெரம்பூருக்குக் கடைசி பஸ் என்று ஒன்று இருந்தது. மிருதங்கக்காரர்கள் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் முடியும்போது அப்பா எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். கச்சேரியின் கடைசிப் பாட்டு மங்களம். அந்த மன்றத்தில் ஒரு மங்களம்கூட நான் கேட்டதில்லை. இன்றுவரை இல்லை.

கல்வெட்டிலும் ரசீதிலும் பார்த்துப் பார்த்து 'ராஜா' என்ற அந்தப் பெயர் மனதில் ஒட்டிக்கொண்டது. கதையில் வருகிற ராஜா என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஐம்பது வயதில் அந்த ராஜாவின் ஊரைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியாயிற்று. அண்ணாமலைச் செட்டியார் கட்டிய மன்றத்தில் படித்தவள், அவர் பிறந்த கானாடுகாத்தானை ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா?

திருச்சிக்குப் பிறகு பெட்டி பாதி காலி. புதுக்கோட்டை தாண்டியதும் குளிர். 'செட்டிநாடு' என்ற பெயர்ப்பலகை இருட்டில் ஜன்னலைக் கடந்து போனது. போட்டோ எடுக்கப் போனில் கை வைப்பதற்குள் போயே விட்டது. காரைக்குடியில் இறங்கி, லாட்ஜ் எதிரில் இரண்டு இட்லி, காரமான ஒரு சட்னி. மீதி நாளை.

இரண்டாம் நாள், சனி. கானாடுகாத்தான்

காலை ஆறு மணிக்கே அப்பாவின் வாய்ஸ் மெசேஜ். எண்பத்து நாலு வயசு. நேற்று எழுதியதைத் தம்பி படித்துக் காட்டியிருக்கிறான்.

"தப்பா எழுதியிருக்கே. செட்டியார் எங்கே மன்றம் கட்டினாரு? அவரு நாப்பத்தெட்டுலயே போயிட்டாரு. மன்றம் அம்பத்திரண்டு. திருத்திப் போடு."

இங்கேயே திருத்திவிடுகிறேன். அண்ணாமலைச் செட்டியார் 1881 செப்டம்பரில் கானாடுகாத்தானில் பிறந்தார். 1948 ஜூனில் காலமானார். மன்றம் திறந்தது 1952இல், மகன் முத்தையா செட்டியாரின் காலத்தில். 1933இல் சென்னைக்கு மறுபடி மேயர் பதவி வந்தபோது முதல் மேயர் அந்த முத்தையா செட்டியார்தான். ஆக, யார் பெயரைத் தாங்கி மண்டபம் நிற்கிறதோ, அவர் அதில் ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லை. நான் மங்களம் கேட்காததற்கு இனிப் புலம்பக் கூடாது.

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் அரைமணி நேரம். டிரைவர் தம்பி திருமயம் பக்கத்துக்காரர். வழியில் எந்த வீட்டில் எந்தப் பட ஷூட்டிங் நடந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். "உங்களுக்கு எந்தப் படத்து வீடு வேணும்க்கா?" பாட்டு சம்பந்தமாக வந்திருக்கிறேன் என்றேன். "பாட்டு சீனும் எடுத்திருக்காங்கக்கா" என்றார்.

அரண்மனை வாசலில் நின்றேன். தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற கட்டடம். உள்ளே விடுவதில்லை என்று வாட்ச்மேன் மரியாதையாகச் சொன்னார். வெளியிலிருந்து பார்த்ததே போதும் என்றுதான் தோன்றியது. இதில் பிறந்து வளர்ந்த பணம்தான் சிதம்பரம் பக்கம் பல்கலைக்கழகமாக ஆனது. 1929இல் அதற்காக இருபது லட்சம் ரூபாய் கொடுத்தார். அதே வருஷம்தான் அவருக்கு 'ராஜா' பட்டமும் வந்தது. பல்கலைக்கழகத்தோடு இசைக் கல்லூரியும் நடந்தது. அங்கேதான் சிக்கலும் முளைத்தது. தமிழ்நாட்டில், தமிழ்ப் பையன்களுக்கு, தமிழ்ச் செட்டியாரின் பணத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தால், பாடம் முழுக்கத் தெலுங்கும் சமஸ்கிருதமுமாக இருந்தது. தமிழ்ப் பாட்டு எங்கே என்று அவர் கேட்டார். பணம் போட்டவர் கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும். அந்தக் கேள்வியைப் பற்றி நாளை எழுதுகிறேன். இன்று ஆச்சியைப் பற்றி எழுத வேண்டும்.

ஆபீஸ் தோழி ஒருத்தியின் பெரியத்தா பிள்ளையார் நோன்புக்காகச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். வருஷம் முழுக்கப் பூட்டிக்கிடக்கிற வீடுகள் இந்த மாதிரி நாட்களில்தான் திறக்கின்றன. ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது. வாசலிலேயே நின்றிருந்தார். "வாத்தா. வெயிலுக்கு முன்னாடி வந்துட்டியே. மொதல்ல பணியாரம் சாப்பிடு. பொறவு வீடு பாக்கலாம்."

வெள்ளைப் பணியாரம், மிளகாய்த் துவையல். அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போடலாம். போடப்போவதில்லை.

இந்த வீடுகளைப் பற்றி எல்லாரும் எழுதுவது பர்மா தேக்கும் முட்டைப் பூச்சும்தான். நான் காதால் பார்க்க வந்தவள். முகப்பில் நின்று கை தட்டினேன். சத்தம் சுவரில் பட்டு உடனே திரும்பியது, கூர்மையாக, யாரோ எதிரில் நின்று பதிலுக்குத் தட்டியதுபோல. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் போட்டு இழைத்த பூச்சு அது. விரலால் தடவினால் பளிங்கு மாதிரி வழுக்கும். அவ்வளவு கெட்டியான வழவழப்பான சுவர் சத்தத்தைக் குடிக்காது. அப்படியே திருப்பி அனுப்பிவிடும். ஆனால் தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்பதால் அது உடைந்து சிதறுகிறது. கொஞ்சம் உள்ளே போய், வளவு என்கிற திறந்த முற்றத்தில் நின்று தட்டினேன். நடுவில் வானம். சத்தம் மேலே போய்விட்டது. திரும்பவே இல்லை. இரண்டாங்கட்டுக்குப் போய் நின்றுகொண்டு, டிரைவர் தம்பியை முகப்பில் நின்று ஏதாவது பாடச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டு "ஒன்னு ரெண்டு மூனு" என்று எண்ணினார். ஒவ்வொரு எண்ணும் தெளிவாகக் கேட்டது. கரகரப்பெல்லாம் வழியில் வடிந்து, குரல் மட்டும் வந்து சேர்ந்தது.

"கல்யாணத்துல நாதஸ்வரம் இப்படித்தான் கேக்கும்" என்றார் ஆச்சி. பெரிய பெரிய வித்வான்களைக் கூட்டிவந்து வாசிக்க வைப்பது இந்தப் பக்கத்தில் குடும்பத்துக்குக் கௌரவம். முகப்பில் ஜமக்காளம் விரித்து ஆம்பிளைகள் உட்காருவார்கள். வாசித்து முடித்தாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். போக எங்கே இருக்கிறது? உறவுக்காரர்கள் எல்லாம் அங்கேயேதான் படுப்பார்கள். விடிய விடிய நடக்கும்.

"நீங்க எங்க ஆச்சி உக்காருவீங்க?"

"இந்தா, நீ நிக்கிற எடத்துலதான். அடுப்படிக்கும் வளவுக்கும் நடந்துக்கிட்டே கேப்போம். நாங்க எங்கத்தா கச்சேரி பாத்தோம்? கேட்டோம். அம்புட்டுத்தான்."

பிறகு அவர் சொன்னதை வந்து உடனே எழுதிவைத்துக்கொண்டேன். கல்யாணமாகி அப்பச்சி வீட்டிலிருந்து போய், வீட்டுக்காரரோடு சென்னையில் குடியேறிய பிறகு, ஒரு மார்கழியில் மாமியார் அவரை மன்றத்துக்குக் கூட்டிப்போனாராம். "மொத தடவையா நாக்காலியில உக்காந்தேன். பாடுறவுக மொகத்த மொத தடவையா அங்கதான் பாத்தேன். வாய இம்புட்டு அகலமாத் தொறந்து பாடுவாகன்னு எனக்குத் தெரியாது. சிரிப்பு வந்துருச்சு. அயித்தை தொடையில கிள்ளுனாக."

மண்டபத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இது இல்லை. தமிழா தெலுங்கா என்று இருக்கிறது, எத்தனை இருக்கைகள் என்று இருக்கிறது. முகப்பிலிருந்து தள்ளி இரண்டாங்கட்டில் நின்று கேட்ட ஒரு பெண்ணுக்கு முன்வரிசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது என்று எங்கும் இல்லை.

சாயங்காலம் ஆச்சி இழைக்குத் திரி திரித்தார். பிள்ளையார் நோன்பு என்றால், திருக்கார்த்திகைக்குப் பிறகு இருபத்தோரு நாள் கழித்து வருவது. புது வேட்டியிலிருந்து நூல் எடுத்து, நாளுக்கு ஒன்றாக இருபத்தோரு இழை சேர்த்து, மாவில் பதித்து, நெய்யிட்டு ஏற்றி, எரிகிற சுடரோடேயே வாயில் போட்டுக்கொள்வார்கள். பெரியவர் கையால் இழை எடுத்துக்கொள்வது என்று பேச்சு. ஆச்சியின் விரல்கள் ஈரம் தொட்டு நூலை உருட்டும்போது வாய் தன்னால் முணுமுணுத்தது. தாலாட்டு. மாமன் சீர் கொண்டுவருகிற தாலாட்டு. கப்பல், ரங்கூன், பெட்டகம் எல்லாம் அதில் வந்தன. இந்தப் பக்கத்து ஆச்சிமார் தாலாட்டு ரொம்பப் பிரசித்தம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒலிப்பதிவு செய்யட்டுமா என்று கேட்டு, போனைப் பக்கத்தில் வைத்தேன். நாலு நிமிஷம் பாடினார். ராகம் நீலாம்பரி மாதிரி தொடங்கி, எதிலும் அடங்காமல் போய் எங்கேயோ நின்றது.

ராத்திரி அறைக்கு வந்து பார்த்தால், போனில் இடமில்லை என்று பதிவே ஆகவில்லை. பணியாரத்தைப் பதினேழு போட்டோ எடுத்தவளுக்கு இது வேண்டும்.

மூன்றாம் நாள், ஞாயிறு. அரியக்குடி, தேவகோட்டை

அப்பா இன்று திருத்தம் எதுவும் சொல்லவில்லை. "அந்தம்மா சொன்னது நெசம்தான். உங்கம்மாவும் மன்றத்துலதான் மொத கச்சேரி பாத்தா" என்றார். அதுவரை எனக்குத் தெரியாது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

1941 ஆகஸ்டில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்குப் பெரிய இடம் வேண்டும் என்று அதில் தீர்மானம் போட்டார்கள். கேட்டால் சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. அன்று தீப்பிடித்துவிட்டது. மொழியை முன்னே வைத்தால் சங்கீதத்தின் தரம் கெட்டுவிடும் என்று சென்னை மியூசிக் அகாடமி பக்கத்திலிருந்து பதில் வந்தது. கல்கி தமிழிசைப் பக்கம் நின்று எழுதினார். ராஜாஜி, ரசிகமணி டி.கே.சி., ஆர்.கே. சண்முகம் செட்டியார் எல்லாரும் தமிழிசைக்காகப் பேசினார்கள். ஊர் ஊராக மாநாடு நடந்தது. திருச்சி, மதுரை, புதுக்கோட்டை. அந்த வரிசையில் தேவகோட்டையும் உண்டு. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தொடங்கி, அந்த டிசம்பரிலேயே முதல் விழாவும் நடந்தது. சொந்த மண்டபம் இல்லை. ஆர்மேனியன் தெருவில் செயின்ட் மேரீஸ் ஹாலில் நடத்தினார்கள். தேவாரமும் அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாட்டும் மாதாகோயில் மண்டபத்தில். எனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். அதன்பிறகு ஒன்பது வருஷம் கழித்துத்தான் எஸ்பிளனேடில் சொந்தக் கூரை.

சண்டையின் நடுவில் ஒரு சொல் மாட்டிக்கொண்டிருந்தது: துக்கடா. துண்டு, துணுக்கு என்று அர்த்தம். கச்சேரியின் கனமான பகுதி முடிந்து, தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிப் பேர் எழுந்த பிறகு பாடுகிற சில்லறை உருப்படிகள். தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் அங்கேதான் கிடந்தது. தமிழிசைக்காரர்களின் கோபம் தமிழ் பாடவில்லை என்பதில் பாதி. தமிழைத் துக்கடாவாகப் பாடினார்கள் என்பதில் மீதி.

அந்தக் கச்சேரி வரிசையை இன்று நாம் கேட்கிற வடிவத்தில் நிலைநிறுத்தியவர் யார்? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். 1890இல் பிறந்தவர். அரியக்குடி எங்கே? காரைக்குடியிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். கானாடுகாத்தானிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்துவிடலாம். நான் வந்தேன்.

ஊரில் திருவேங்கடமுடையான் கோயில். தென் திருப்பதி என்கிறார்கள். கோபுரத்துக்கு முன் தெப்பக்குளம், காற்றே இல்லாத மதியம். தெருவில் ஒரு பட்டறையில் குத்துவிளக்கு வார்த்துக்கொண்டிருந்தார்கள். பித்தளை வேலைக்குப் பேர்போன ஊர். விளக்கின் தண்டு, தட்டு, தகழி எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரையில் திருகிச் சேர்ப்பார்கள். பட்டறைக்காரர் ஒரு தட்டை எடுத்து விரல்நுனியால் சுண்டிக் காட்டினார். ணங் என்று நீண்டது. இன்னொன்றைச் சுண்டினார். டொக். "இதுல காத்து புகுந்திருக்கு. மறுபடி உருக்கணும்." பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சுருதி பார்த்து விளக்கு செய்கிற ஊரில் பிறந்தவர் கச்சேரியைத் தட்டிப் பார்த்துச் சேர்த்ததில் ஆச்சரியமில்லை என்று எழுதத் தோன்றுகிறது. கொஞ்சம் அதிகப்படிதான். இருக்கட்டும்.

அவர் செய்தது என்ன? அந்தக் காலத்துக் கச்சேரி மணிக்கணக்காகப் போகும். ஒரு ராகம், ஒரு பல்லவி என்று வித்வான் உட்கார்ந்துவிட்டால் ராத்திரி முழுக்க அதுதான். ராமானுஜ ஐயங்கார் முதலில் ஒரு வர்ணம் வைத்தார், தொண்டை திறக்க. அப்புறம் விறுவிறுப்பான மத்யம காலக் கீர்த்தனைகள். ஆலாபனை அளவாக. நடுவில் கனமான உருப்படி. பிறகு பல்லவி. கடைசியில் சில்லறைகள், மங்களம். எதுவும் அலுப்பதற்கு முன் அடுத்தது வந்துவிடும். பூச்சி சீனிவாச ஐயங்காரின் சீடர். 1938இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம். எந்தப் பெரிய வித்வானும் பிறகு இந்த வரிசையை விட்டு வெகுதூரம் போகவில்லை.

குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இந்த வரிசை முகப்பில் உட்கார்ந்து கேட்கிறவனுக்குத் தேவையே இல்லை. அவன் அங்கேயே தூங்குகிறவன். ஒரே பல்லவி விடியும்வரை போனாலும் அவனுக்கு நஷ்டமில்லை. டிக்கெட் வாங்கி மண்டபத்தில் உட்காருகிறவனுக்குத்தான் மணி பார்க்க வேண்டியிருக்கிறது. அவனுக்குத்தான் கடைசி பஸ். மண்டபம் என்று ஒன்று வந்ததும் பாட்டுக்கு ஆரம்பம், நடு, முடிவு என்று கட்டு கட்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு மாதிரி. அப்படிப் பிரித்தபோது தமிழ் போய் உட்கார்ந்த இடம், ஆச்சி நின்ற இடம்தான். பின்கட்டு.

அந்தப் பின்கட்டிலிருந்து தமிழை முகப்புக்குக் கூட்டிவரத்தான் இன்னொருவர், அண்ணாமலைச் செட்டியார், குரல் கொடுத்தார். இருவரும் இந்தச் சிவந்த மண்ணில், ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில், ஒன்பது வருஷ இடைவெளியில் பிறந்தவர்கள். ராமானுஜ ஐயங்கார் தமிழுக்கு எதிரி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாட்டுகள் மெட்டுத் தெரியாமல் கிடந்தபோது அவற்றுக்கு மெட்டமைத்துப் பாடியவர் அவர். மார்கழி விடிகாலையில் நாம் பாடுகிற திருப்பாவைக்கு ராகம் போட்டதும் அவர்தான். இன்று காலை லாட்ஜ் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் என்னை எழுப்பியதே அந்த மெட்டுதான். யார் எந்தக் கட்சி என்று சுலபமாகக் கோடு போட்டுவிட முடியாது.

காரைக்குடிக்குத் திரும்பும் வழியில் வீணை சகோதரர்களைப் பற்றிப் பேச்சு வந்தது, அதாவது நான் பேசினேன், டிரைவர் தம்பி கேட்டார். சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். தம்பி சாம்பசிவ ஐயர் மடியில் கிடத்தி வாசிப்பார். புதுக்கோட்டைப் பக்கத்துத் திருக்கோகர்ணத்தை விட்டு இங்கே வந்தவர்கள். ஊர்ப்பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. அண்ணன் 1936இல் போய்விட்டார். தம்பி கடைசியில் கலாக்ஷேத்ராவுக்குப் போனார். அவர் சங்கீத கலாநிதி ஆனது 1952இல். மன்றம் திறந்த அதே வருஷம். "ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு அண்ணன் நிமித்தி, தம்பி படுக்கப் போட்டா? சண்டை வராதாக்கா?" என்றார். சண்டை வரவில்லை. சேர்ந்தே வாசித்தார்கள்.

தேவகோட்டைக்குப் போனேன். மாநாடு நடந்த ஊர் என்பதைத் தவிர எனக்கு அங்கே வேலையில்லை. கடைவீதியில் இரண்டு பெரியவர்களிடம் கேட்டேன். ஒருவர் கந்தர் சஷ்டி விழாவைச் சொல்கிறேன் என்று நினைத்தார். இன்னொருவர், "தமிழிசையா? அந்தம்மா கவர்னரா இருந்தாங்களே" என்றார். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான்காம் நாள், திங்கள். காரைக்குடி

ஆத்தங்குடிக்குக் காலையில் ஓடிப்போய் வந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடி பட்ட பக்கம்தான் பளபளப்பு. எல்லாரும் வீடியோ எடுத்துப் போட்டாயிற்று, நான் விட்டுவிடுகிறேன். மதியம் 'பாரம்பரிய விருந்து' என்று ஓரிடத்தில் வாங்கிய காசுக்கு ஆச்சி வீட்டுப் பணியாரம் பத்து வருஷம் சாப்பிடலாம்.

காரைக்குடிக்கென்று ஒரு மண்டபம் இருக்கிறது. கம்பன் மணிமண்டபம். சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கி வருஷா வருஷம் விழா எடுத்தார். கம்பன் அடிப்பொடி என்றால்தான் இங்கே தெரியும். சட்டை போடாத மனிதர். டி.கே.சி. இந்த மேடைக்கும் வேண்டியவர், தமிழிசைக்கும் வேண்டியவர். இங்கே கச்சேரியைவிடப் பேச்சுதான் அதிகம், அந்தப் பேச்சும் கச்சேரி மாதிரிதான். நான் போனபோது மேடை காலி. துப்புரவு செய்கிற அம்மா ஒருவர் மட்டும் இருந்தார். வளாகத்தில் தமிழ்த்தாய்க்குக் கோயில் உண்டு. மொழிக்குக் கோயில் கட்டிய ஊர்க்காரர்கள் பாட்டுக்கு மண்டபம் கட்டியதில் என்ன அதிசயம்?

கை தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "தட்டுங்க, யாரு கேக்கப் போறா" என்றார் அந்த அம்மா. தட்டினேன். நாற்காலிகள் காலியாக இருந்ததால் சத்தம் நீண்டு அலைந்தது. மன்றத்தில் எங்கள் டீச்சர் சொல்வது ஞாபகம் வந்தது: ஒத்திகையில் பாடினால் குரல் பெரிதாகக் கேட்கும், ஏமாந்துவிடாதே, சாயங்காலம் ஆள் வந்து உட்கார்ந்தால் அவர்கள் சட்டையும் புடவையும் பாதியைக் குடித்துவிடும். அதனால்தான் காலி மண்டபத்தில் நான்கூட நன்றாகப் பாடுவேன்.

சாயங்காலம் மறுபடி கானாடுகாத்தான். தாலாட்டைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்கத்தான் போனேன். போனை இரவே காலிசெய்து வைத்திருந்தேன். ஆச்சி பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மகன் காரோடு வந்துவிட்டார். வேலைக்காரர் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்தார், பின்கட்டிலிருந்து முகப்பு நோக்கி.

"பாடுறதுக்கென்ன. பிள்ளை இல்லாமத் தாலாட்டுப் பாடக்கூடாதுத்தா. அன்னிக்கு என்னமோ வாய் தவறி வந்துருச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ பாடு. நீதான் படிச்சவ" என்றார்.

முகப்பில் நின்று ராம நாடகத்திலிருந்து ஒரு பாட்டு பாடினேன். பல்லவியும் அனுபல்லவியும்தான் ஞாபகம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, மேல் சட்ஜத்தில் குரல் நிற்கவில்லை. ஆச்சி கேட்க முகப்பில் உட்காரவில்லை. நடந்து இரண்டாங்கட்டு வாசலுக்குப் போய், நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார். வேலைக்காரர் அந்தக் கதவை மட்டும் சாத்தாமல் காத்திருந்தார். பாடி முடித்ததும் அங்கிருந்தே கேட்டார், "சரணம் இல்லையா?"

மறந்துவிட்டது ஆச்சி என்றேன்.

"இங்கேர்ந்து நல்லாத்தான் கேக்குது" என்றார்.

நாளை விடிகாலைப் பல்லவனில் திரும்புகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்கு போன் போட்டேன். மன்றத்தில் விழா நடந்துகொண்டிருக்கிறது, நாளை சாயங்காலம் போகலாமா என்றேன்.

"போலாமே. எப்படித் திரும்புறது?"

"ஆட்டோ பிடிச்சுக்கலாம்ப்பா. மங்களம் வரைக்கும் உக்காரலாம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அவ்வளவு நேரமா?" என்றார்.